நகர்ந்தால் சுட முடியாது

நீளமூக்கின் காலடியில் பிளேடை நுழைத்து, காய்ந்துபோன பசையை அவன் கீறிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த அக்கா சொன்னாள்:

"உரலைப் பின்னாடி தள்ளு. நீளமூக்கை மறைக்குது பாரு."

அவள் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டு அத்தானைப் பார்த்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பலேருந்து சார் இப்படிப் பேசறாங்க?"

"விடிஞ்சதுலேருந்து. உரலுங்கறா, மூக்குங்கறா. ரெண்டாவது அணியை அவுத்து விடுங்கறா. யாரோ லெஃப்டினன்டாம், அவனைக் கூப்பிடுங்கறா. நான் யாரைப் போய்க் கூப்பிடுவேன்?"

நர்ஸ் பட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அவசரமில்லாத கை. இந்த மாதிரி வீடுகளுக்குப் போய்ப் போய்ப் பழகிய கை.

"குழப்பம் வந்திருச்சு சார். இந்தக் கட்டத்துல வர்றதுதான். டாக்டர் எழுதி வச்ச ஊசி என்கிட்ட இருக்கு. போட்டா வலியும் தெரியாது, இந்தத் தவிப்பும் இருக்காது, நிம்மதியாத் தூங்குவாங்க. ஆனா அதுக்கப்புறம் பேச மாட்டாங்க. அதையும் சொல்லிடணும் இல்லையா."

"பேச இனிமே என்ன இருக்கு" என்றார் அத்தான். "போட்டுடுங்க சிஸ்டர்."

அவன் பிளேடைக் கீழே வைத்தான். "குழப்பமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவ தெளிவாத்தான் பேசறா."

இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். குழம்பிப்போனவர் இந்த வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறாரோ என்கிற பார்வை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையைக் கொண்டுவந்து போட்டிருந்தான் அவன். அதன்மேல் ஒரு போர்க்களம். தெர்மாகோலை வெட்டிச் செய்த மேடு, தீப்பெட்டி அட்டையில் இடிந்த கட்டிடங்கள், நடுவே விரல் உயரத்துச் சிப்பாய்கள். வேறு ஏதோ ஒரு கிரகத்தில், வரப்போகிற ஏதோ ஒரு நூற்றாண்டில் நடக்கிற சண்டை. ஒரு பக்கம் அக்காவின் காலாட்படைப் பிளட்டூன். மறுபக்கம் ஆறு காலில் பாய்ந்து வருகிற அவனுடைய பூச்சிகள். பள்ளிக்கூட நாளிலிருந்து அக்காவும் தம்பியும் ஆடுவது. கல்யாணமாகியும் விடவில்லை, தலை நரைத்தும் விடவில்லை. அம்மா இதைப் பொம்மை விளையாட்டு என்பாள். அப்படிச் சொன்னால் இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அக்காவுக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், ஈறும் பல்லுமாகச் செய்து அனுப்புவாள். வேலையில் மிஞ்சிய பிசினில்தான் தன் படையை வார்த்தாள். அதனால் பெயின்ட் உரிந்த இடத்தில் அவளுடைய வீரர்கள் எல்லோருக்கும் ஈறு நிறம். பெரிய துப்பாக்கிகளின் குழல்கள், தேய்ந்துபோன பல் குடையும் முனைகள். "இதைக் கண்டா எந்தக் கிரகத்துக்காரனும் வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவான்" என்பாள். அந்தப் பெரிய துப்பாக்கிகள் மூன்று. வெகுதூரத்துக்குக் கதிர் பாய்ச்சுவது நீளமூக்கு. நிற்காமல் பொழிவது சடசடா. சுவரைத் தாண்டிக் குண்டைத் தூக்கிப் போடுவது உரல். ரூல் புத்தகத்தில் இவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் உண்டு. இவை அவள் வைத்த பெயர்கள். அவளையும் அவனையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத பெயர்கள்.

"அக்கா உளறலை சிஸ்டர். உரல்னா இதோ இது. நீளமூக்குன்னா இதோ. மேஜை அவளுக்குத் தெரியுது. நான் உரலை இடம் மாத்தி வச்சது தப்பு, அதைத்தான் சொல்றா."

"கண்ணே திறக்கலையே அவங்க."

"அவளுக்குக் கண்ணு வேணாம்."

நர்ஸ் இதை நம்பவில்லை. கட்டிலின்மேல் குனிந்து, கொஞ்சம் சத்தமாக, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமைன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"எந்தக் கிழமையா இருந்தா எனக்கென்ன" என்றாள் அக்கா.

"சரியான பதில்தானே?" என்றான் அவன்.

"இப்ப எங்க இருக்கீங்கன்னு தெரியுதாம்மா?"

"மேட்டுக்குப் பின்னாடி" என்றாள் அக்கா.

நர்ஸ் நிமிர்ந்து, போதுமா என்பதுபோல் அவனைப் பார்த்தார். அவன் தெர்மாகோல் மேட்டின்மேல் விரலை வைத்துத் தட்டினான். "இதோ மேடு. இதோ அவ பிளட்டூன், பின்னாடி. அவ சொன்னதுல என்ன தப்பு?" அவனுக்குக் குரல் உடைந்தது. அதை மறைக்க மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கட்டில் பக்கம் குனிந்தான். "அக்கா. சடசடாவை ரெண்டாவது அணிகூட நடக்கவிட்டு, அப்படியே சுடட்டுமா?"

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பு. "யாரை ஏமாத்தப் பாக்கற சக்கரம்? நகர்ந்தா சுட முடியாது."

சக்கரம் என்பது அவனுக்கு அவள் வைத்த பெயர். ஒரு இடத்தில் அடங்கி உட்காரமாட்டான் என்பதால். லிஃப்ட் மெக்கானிக்காகப் போனதும்கூட அதனால்தான் என்பாள். மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கலாம், சம்பளமும் தருவார்கள்.

"கேட்டீங்களா சிஸ்டர்? இதுதான் முதல் ரூல். ரெண்டு ஆள் சேர்ந்து தூக்கற ஆயுதம். நடந்தா சுட முடியாது, சுட்டா நடக்க முடியாது. குழம்பினவளுக்கு இது ஞாபகம் இருக்குமா?"

நர்ஸ் பையின் வாயை மூடினார். "நான் இன்னொரு வீட்டுக்குப் போகணும். மத்தியானத்துக்கு மேல வர்றேன். அதுவரைக்கும் நாக்குக்கு அடியில சொட்டு மருந்து விடுங்க. ஊசி வேணும்னு தோணினா போன் பண்ணுங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. அவங்க பேச்சு தெளிவா இருக்குன்னா, அவங்க வலியும் தெளிவாத்தான் இருக்கும்."

அவர் போன பிறகு அந்த வார்த்தை மட்டும் போகாமல் அறையிலேயே நின்றது. அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார்.

அவன் நீளமூக்கை மறுபடி கையில் எடுத்தான்.

சில மாதங்களாக அக்கா அவனிடம் தோற்றுக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த மாதங்கள். நோயினால்தான் தோற்கிறாள் என்று அவன் நினைத்து, ஒன்றிரண்டு முறை விட்டுக்கொடுத்துப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டுக் காய்களை வாரிக் கொட்டினாள். ஒரு வாரம் பேசவில்லை. அவள் தோற்றது நோயினால் அல்ல, படையைப் பிரித்து வைத்திருந்த முறையால். மூன்று அணிகள், மூன்று பெரிய துப்பாக்கிகள். ஆளுக்கு ஒன்று என்று பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதுபோலக் கொடுத்திருந்தாள். பார்க்க நியாயமாக இருக்கும். ஆனால் துப்பாக்கி சுடவேண்டுமானால் அசையக்கூடாது, அதைச் சுமக்கிற அணியும் அசையக்கூடாது. ஆக மூன்று அணியும் மூன்று இடத்தில் சமைந்து உட்கார்ந்திருக்கும். அவனுடைய பூச்சிகள் ஓடிவந்து ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டுப் போகும்.

இன்று விடிந்ததும் விடியாததுமாக அவள் அவனுக்குப் போன் போடச் சொன்னாள். அத்தான்தான் போட்டுக் கொடுத்தார். "கண்டுபிடிச்சிட்டேன். வா" என்றாள். அவன் போட்ட சட்டையோடு ஓடிவந்தான்.

கண்டுபிடித்தது இதுதான். மூன்று பெரிய துப்பாக்கிகளையும் அணிகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தனி அணியாக்கி, லெஃப்டினன்ட்டின் பொறுப்பில், மேட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டும். அசையாதது ஒரே இடத்தில் அசையாமல் இருக்கட்டும். மற்றவர்கள் போகட்டும்.

சொல்வது சுலபம். ஒவ்வொரு துப்பாக்கியையும் அந்தந்த அணி நிற்கிற தட்டில் ஒட்டி வைத்திருந்தாள். அவள் பசை போட்டு ஒட்டினால் பல்செட்டே தோற்றுப்போகும். அணிக்கு அணி நிறம் வேறு. தட்டின் விளிம்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை தீட்டியிருந்தாள். அவற்றைச் சுரண்டி, புது அணிக்கு வெள்ளை தீட்டவேண்டும். அதற்கு முன்னால் பசை விடவேண்டும். பிளேடுக்கு உரல் மசியவில்லை. அதற்கும் ஒரு வழி இருந்தது. அது வீட்டில் ஒரு சின்னக் கலவரத்தைக் கிளப்பியது.

"அடப்பாவி!" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். "ஐஸ் எடுக்கலாம்னு ஃப்ரீசரைத் திறந்தா, உள்ள சிப்பாய் படுத்திருக்கான்!"

"எடுத்துடாதேம்மா. குளிர்ல பசை விறைச்சு உடையும், அதுக்குத்தான் வச்சிருக்கேன்."

அம்மா ஒரு கிண்ணத்தில் ஐஸ் துணுக்குகளோடு வந்தாள். துணியில் ஒன்றைச் சுற்றி மகளின் உதட்டில் ஒற்றினாள். அக்கா குழந்தைபோல அதைச் சப்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் அவன் சடசடாவின் கால்களைப் பார்த்தான்.

"யாருடா அந்த லெஃப்டினன்ட்?" அம்மா அவன் காதருகே வந்து கேட்டாள். "காலையிலேருந்து அவன் பேரையே சொல்லிக்கிட்டிருக்கா. மாப்பிள்ளை முகத்தைப் பாக்கவே எனக்குக் கூசுது."

அவன் மேஜையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒரு கை உடைந்த, வாளைத் தூக்கிப் பிடித்த லெஃப்டினன்ட். அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவனா?" என்றாள். "இவனுக்கா இத்தனை கூப்பாடு?" அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அது வேறாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால்கனிக்குப் போனான். எதிர்க் கட்டிடத்தில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தான். பெயின்ட் டப்பாவைத் திறந்தான், மூடினான். போன் அடித்தது, கம்பெனியிலிருந்து. எங்கோ லிஃப்ட் மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறார். "மேல மெஷின் ரூமுக்குப் போய் முதல்ல மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு. அப்புறம் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். நான் வர முடியாது. இல்லை, இன்னைக்கு முடியாது" என்றான்.

"போறதுன்னா போ" என்றாள் அக்கா.

"போகலை."

"உன்னால உக்கார முடியாதே."

"இன்னைக்கு உக்காருவேன்."

"பாப்போம்."

ஃப்ரீசரிலிருந்து எடுத்த உரலை இரண்டு விரலில் பிடித்துத் திருகினான். டக்கென்று விட்டது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், "வந்துருச்சா?" என்றாள். மூன்றையும் மேட்டுக்குப் பின்னால் வரிசையாக வைத்தான். வைத்துவிட்டு, எதிராளியின் கண்ணோடு பார்த்தான். வழக்கம் விடுமா? உடனே ஓட்டை தெரிந்தது.

"அக்கா, எல்லாத்தையும் ஒரே இடத்துல குவிச்சு வச்சிட்டியே. என் பூச்சியில ஒண்ணே ஒண்ணு சுத்தி வந்து உள்ள பூந்தா, மூணும் காலி."

அவள் மூச்சு மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. பதில் வராது என்று நினைத்தான். வந்தது, துண்டு துண்டாக.

"எப்படிச் சுத்தி வருவே? அணிங்கதான்... இப்ப ஃப்ரீயா இருக்கே. வெயிட் இல்லை. ஓடிவந்து குறுக்க நிப்பாங்க."

அவன் பார்த்தான். ஆமாம். நேற்றுவரை துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று அணிகளும் இப்போது எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவனுடைய பூச்சிகளுக்கு வழியே இல்லை. இந்தப் பக்கம் வந்தால் நீளமூக்கு, அந்தப் பக்கம் போனால் குறுக்கே ஒரு அணி. இத்தனை வருஷத்தில் அவன் இப்படி வசமாக மாட்டிக்கொண்டதில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தோத்துட்டேன்கா."

"ஆடாமலேயா?"

"ஆடாமலே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது. முதுகு வில்லாக எழும்பிற்று. கை போர்வையைப் பிடித்துச் சுருட்டியது. கத்தினாள். பிறகு பல் நொறுங்கிவிடும்போலக் கடித்தாள். நாக்குக்கு அடியில் சொட்டு மருந்தை விட்டான். பாதி உதட்டோரம் வழிந்தது. வலி போக வெகுநேரம் ஆனது. போன பிறகும் அவள் விரல்கள் போர்வையை விடவில்லை.

போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. அவன் கூப்பிடவில்லை. குனிந்து, "முதல் அணியை இடது பக்கம் விடவா, வலது பக்கம் விடவா?" என்று கேட்டான். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"இடது" என்றாள் அக்கா.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது, அத்தான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த மேடை. அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். கற்றுக்கொள்கிறவர்கள் எந்தச் சுவரில் கொண்டுபோய் விட்டாலும் பதறாத மனிதர். இன்று ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"கத்தினது கேட்டுச்சு" என்றார் திரும்பாமல்.

"இப்ப பரவாயில்லை அத்தான்."

"அவளுக்குப் பரவாயில்லையா, உனக்குப் பரவாயில்லையா?"

அவன் டம்ளரை வைத்துவிட்டு நின்றான்.

"என் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் தம்பி. எவன் எப்படி ஓட்டினாலும் நான் மிதிச்சா நின்னுடும். அந்தத் தைரியத்துலதான் இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். இங்க எதை மிதிக்கிறதுன்னு தெரியலை. அந்த ஊசி ஒண்ணுதான் இருக்கு. அதையும் நீ விட மாட்டேங்கறே." துணியைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. "உன்மேல கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அவ கடைசியாப் பேசறதும் உன்கூடத்தான். எனக்கு ஒரு வார்த்தை புரியலை. உரல், மூக்கு. பக்கத்துல உக்காந்திருக்கேன், ஏதோ வேற ஊர் ரேடியோ கேக்கற மாதிரி இருக்கு."

"நான் சொல்லித் தர்றேன் அத்தான்."

"இப்பவா?" என்றார் அத்தான். அவர் குரலில் கிண்டல் இல்லை, களைப்புதான் இருந்தது. "எனக்கு அவ பேசணும்னு ஆசையில்லைன்னா நினைக்கிறே?"

அவன் திரும்பி வந்து, அன்றைக்கு முதல் தடவையாக, நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்தான். தட்டுகளின் விளிம்பைச் சுரண்டினான். வெள்ளை தீட்டினான். நீளமூக்கை நிதானமாக, கோடு பிசகாமல் தீட்டவேண்டும் என்று முயன்றான். அக்கா இப்போது கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள். பிறகு கேட்டும் சொல்லவில்லை. பிறகு கேட்காதபோது எதையோ சொன்னாள். "அந்தக் கதவு" என்றாள். மேஜையில் கதவு எதுவும் இல்லை. இடிந்த கட்டிடத்து வாசலைச் சொல்கிறாள் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "மெழுகு ஆறிடும்" என்றாள். அது பல்செட் வேலை. தூக்கத்தில் யாருக்கும் தொழில் ஞாபகம் வரும் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். இடையில் இன்னொரு தடவை வலி வந்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் கொஞ்சம் ஆள் பாக்கி இருக்கவேண்டும் அல்லவா?

சாயங்கால வெயில் கட்டில்கால்வரை வந்தபோது நர்ஸ் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கை கழுவிவிட்டு வந்து, நாடி பார்த்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் கட்டிலின் மறுபக்கம்.

"இன்னும் தெளிவாத்தான் இருக்காங்களா தம்பி?" நர்ஸ் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அவனைத்தான் கேட்டார். இந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான் என்று ஏற்றுக்கொண்ட மாதிரி கேட்டார்.

"இருக்கா. பாருங்க." அவன் குனிந்தான். கஷ்டமான கேள்வி எதுவும் வேண்டாம் என்று நினைத்தான். அவள் எப்படியும் சரியாகச் சொல்லிவிடக்கூடிய கேள்வியாக, இருப்பதிலேயே சுலபமானதாகத் தேர்ந்தெடுத்தான். "அக்கா, நான்தான், சக்கரம். நீளமூக்கு மேட்டுக்குப் பின்னாடியிலேருந்து நகர்ந்து வெளிய வந்தாச்சு. இப்ப என்ன பண்ணணும்?"

அவள் கண்ணைத் திறந்தாள். நாள் பூராவும் திறக்காத கண். நேராக அவனைப் பார்த்தாள். குரல்கூடக் காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது.

"சுடு."

அவன் இன்னும் கிட்டே குனிந்தான். "நகர்ந்திருச்சுக்கா. நகர்ந்தாச்சு. இப்ப சுடலாமா?"

"சுடு. போய்க்கிட்டே சுடு."

கண் மூடிக்கொண்டது.

"பதில் சொல்றாங்களே!" என்றார் நர்ஸ், ஆச்சரியத்தோடு. அத்தானும் அம்மாவும்கூட அவனையே பார்த்தார்கள். கணீரென்று சொன்ன பதில். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்திருந்தது. அது தப்பு என்று அந்த அறையில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நர்ஸ் போய்விடுவார். நாளைக் காலைவரை அக்காவைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். கதவு என்றால் வாசல், மெழுகு என்றால் தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

போர்வையைச் சுருட்டிப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தான். நகங்கள் நீலம் பாய்ந்திருந்தன.

"சரியாச் சொன்னாங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

"இல்லை" என்றான். "தப்பு."

அவன் கட்டிலிலிருந்து விலகி நர்ஸுக்கு வழிவிட்டான்.

"போட்டுடுங்க சிஸ்டர்."

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் போர்வையை விட்டன. நெற்றிச் சுருக்கம் போய், முகம் பழைய முகமானது. அத்தான் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான். விளக்குப் போடலாமா என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு தடவை அது வரவில்லை.

டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். நர்ஸ் சிறுநீர்க் குழாயைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, வேறு போர்வை போர்த்தினார். அம்மா மகளின் தலைமாட்டுக்கு மாறி உட்கார்ந்து முடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். அத்தான் சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் போன் பேசி முடித்துவிட்டு வந்து, மேஜைக்கு எதிரில் நின்றார். ரொம்ப நேரம் அந்தப் போர்க்களத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி. அவ கடைசியா ஒண்ணு சொன்னாளே. அது ஏன் தப்பு?"

"பெரிய துப்பாக்கி அத்தான். தூக்கிக்கிட்டு நடந்தா அந்தத் தடவை சுட முடியாது. சுடணும்னா நகராம இருக்கணும். ரெண்டும் ஒண்ணா நடக்காது."

"நடக்கவே நடக்காதா?"

"ரூல்."

அத்தான் யோசித்தார். "அவளுக்கு ரூல் நல்லாத் தெரியுமே."

"எனக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான்."

"அப்ப தெரிஞ்சேதான் சொல்லியிருப்பா" என்றார் அத்தான்.

அவன் வாயைத் திறந்தான். அப்படி இல்லை, அந்த நேரத்தில் அவள் அவளாக இல்லை, அது எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தான். அவள் கண்ணைத் திறந்து நேராகத் தன்னைப் பார்த்தது ஞாபகம் வந்தது. தனக்கு அது தெரியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அவன் பயந்தான்.

அத்தான் குனிந்தார். "இதுல அந்த நீளமூக்கு எது?"

அவன் விரலால் காட்டினான். அத்தான் அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் தூக்கினார். பிடிக்கத் தெரியவில்லை, கீழே போட்டுவிடுவாரோ என்றிருந்தது. விளிம்பின் வெள்ளை காயாமல் அவர் விரலில் ஒட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"எவ்வளவு தூரம் போகலாம்?"

"உங்க கையால ஒரு சாண்."

அத்தான் இடது கையை விரித்து மேஜையில் அளந்தார். மேட்டின் மறைவிலிருந்து நீளமூக்கை வெளியே கொண்டுவந்து, வெட்டவெளியில் வைத்தார். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இப்ப சுடறதுன்னா என்ன பண்ணணும்?"

"பகடை உருட்டணும் அத்தான்."

அத்தான் கையை நீட்டினார். அவன் பூச்சிகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த பகடைகளைப் பொறுக்கி எடுத்து, அந்தக் கையில் போட்டான்.